ஆஷ்விட்ஸுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகள்: வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு, வணக்கம்.

பத்தாம் வகுப்பில் இரு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலத்தை நடத்தும்போது, 1922இல் இத்தாலியில் முசோலினியின் பாசிஸ்ட் தொண்டர்களான கருஞ்சட்டையினர் ரோம் நகரை நோக்கி அணிவகுத்ததையும், 1929இல் போப்பாண்டவருடன் லேட்டரன் உடன்படிக்கை ஏற்பட்டதையும், 1933இல் ஹிட்லர் ஜெர்மனியின் சான்சலர் ஆனதையும் சொல்லிவிட்டு, அங்கிருந்து நேரே போருக்கும் வதைமுகாம்களுக்கும் போய்விடுவது வழக்கமாக இருக்கிறது. தேர்வுக்கு அது போதும். ஆனால் இப்படிக் கற்ற பிள்ளைகளுக்கு யூதர்கள் என்றால் சரக்கு ரயிலில் அடைக்கப்பட்ட ஒரு கூட்டம் என்பதற்குமேல் எதுவும் மனத்தில் நிற்பதில்லை. அந்த ரயிலுக்கு முன்பு அவர்களுக்கு வாடகை வீடும், கடை உரிமமும், பள்ளிக்கூடத்தில் ஓர் இடமும், வீட்டில் ஒரு வானொலிப் பெட்டியும் இருந்தன என்பதும், அவை ஒவ்வொன்றும் அரசிதழில் அச்சாகி, முத்திரை குத்தப்பட்டு, முறைப்படி பறிக்கப்பட்டன என்பதும் பாடத்தில் இடம்பெறாமல் போகின்றன. அந்த இடைவெளியை நிரப்பும்படி உங்களைக் கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

ஜெர்மனியை விட்டு இத்தாலியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. பாசிசம் பிறந்த மண் அது; ஆயினும் யூதர்கள் விஷயத்தில் முசோலினி ஹிட்லரின் வற்புறுத்தலுக்கு இணங்கினார், இத்தாலியர்கள் மென்மையானவர்கள் என்ற எண்ணம் இன்றும் பரவலாக இருக்கிறது. நடந்தவற்றை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது.

முதலில் அந்தக் குடும்பங்கள் யார் என்று மாணவர்களுக்குத் தெரியவேண்டும். 1938இல் இத்தாலியில் வாழ்ந்த யூதர்கள் சுமார் 47,000 பேர்; நாட்டின் மக்கள்தொகையில் ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவு. ரோமில் அவர்கள் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பிருந்தே வாழ்ந்துவருகிறார்கள். போப்பாண்டவரின் ஆட்சியில் சுவர்களுக்குள் அடைபட்டிருந்த கெட்டோ என்ற ரோம் நகரத்து யூதர் குடியிருப்பின் மக்கள், 1870இல் அந்நகரம் இத்தாலியுடன் இணைந்தபோது முழுக் குடியுரிமை பெற்றார்கள். அதற்குப் பின் நாற்பதே ஆண்டுகளில் லூயிஜி லுட்சாட்டி என்ற யூதர் நாட்டின் பிரதமராகவும், எர்னெஸ்டோ நாத்தான் என்ற யூதர் ரோம் நகர மேயராகவும் இருந்தார்கள். தெருவில் துணி விற்றவர்களும், பள்ளி ஆசிரியர்களும், காப்பீட்டு அலுவலக எழுத்தர்களும், முதல் உலகப்போரில் பதக்கம் வாங்கிய படைவீரர்களும் அந்தச் சமூகத்தில் இருந்தார்கள். பேச்சிலும் உணவிலும் உடையிலும் அவர்களைப் பக்கத்து வீட்டாரிடமிருந்து பிரித்தறிவது எளிதாக இருக்கவில்லை.

மாணவர்களைத் திடுக்கிட வைக்கும் செய்தி ஒன்று உண்டு. அதைத் தயங்காமல் சொல்லுங்கள். பாசிஸ்ட் கட்சியில் யூதர்களும் இருந்தார்கள். 1922 அணிவகுப்பில் கலந்துகொண்ட யூதர்கள் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள். யூதக் குடும்பத்தில் பிறந்த ஆல்டோ பின்ட்சி முசோலினியின் முதல் அரசில் உள்துறைத் துணைச் செயலாளராக இருந்தார். குயிடோ யுங் 1932 முதல் 1935 வரை நிதியமைச்சராக இருந்தார். அதே ஆட்சிக்கு எதிராகச் சிறை சென்ற யூதர்களும் இருந்தார்கள் என்பது வேறு செய்தி. நாட்டின் மற்ற மக்களைப் போலவே அவர்களும் பிரிந்து கிடந்தார்கள். பெரும்பாலோர் தம் பிழைப்பைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருந்தார்கள். நாளிதழ்கள் வாயடைக்கப்பட்டபோதும், எதிர்க்கட்சிகள் தடைசெய்யப்பட்டபோதும், தொழிற்சங்கங்கள் கலைக்கப்பட்டபோதும், அவை தம் வீட்டு வாசலுக்கு வரும் விஷயங்களாக ஒரு சாதாரண யூதக் குடும்பத்துக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும் என்று இன்று நாம் சொல்வது எளிது. பதினாறு ஆண்டுகள் ஓர் ஆட்சியின் கீழ் மற்றவர்களைப் போலவே வாழ்ந்த ஒருவர் பதினேழாம் ஆண்டில் தனியே பிரித்து நிறுத்தப்படுவோம் என்று எப்படி எதிர்பார்ப்பார்?

மாற்றம் எங்கிருந்து வந்தது என்பதையும் கவனிக்கவேண்டும். 1935-36இல் எத்தியோப்பியாவைக் கைப்பற்றிய பிறகு, இத்தாலியர்கள் ஆப்பிரிக்க மக்களுடன் இல்வாழ்க்கை நடத்துவதைக் குற்றமாக்கி, ஐந்து ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கும் ஆணை 1937இல் வந்தது. இனத்தின் பெயரால் குடும்பத்துக்குள் நுழையும் சட்டம் முதலில் காலனியில்தான் பழகிப் பார்க்கப்பட்டது. பிறகு தாய்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. ஜெர்மனியுடனான நெருக்கம் சூழலை உருவாக்கியது உண்மை. ஆனால் இத்தாலி யூதர்களுக்கு எதிராகச் சட்டமியற்ற வேண்டும் என்று ஹிட்லர் நிபந்தனை விதித்ததற்குச் சான்றில்லை. முடிவு ரோமிலேயே எடுக்கப்பட்டது.

1938 ஜூலை நடுவில் பத்து அறிவியலாளர்களின் பெயரில் ஓர் அறிக்கை வெளிவந்தது. இத்தாலியத் தூய இனம் என்று ஒன்று உண்டு, யூதர்கள் அதைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்றது அது. ஆகஸ்ட் மாதத்தில் இனப் பாதுகாப்புக்கென்றே ஓர் இதழ் தொடங்கப்பட்டது. ஆகஸ்ட் 22 அன்று நாடு முழுவதும் யூதர்களை மட்டும் எண்ணும் கணக்கெடுப்பு நடந்தது. பெற்றோரில் ஒருவராவது யூதராக உள்ளவர்கள் 58,412 பேர் என்று அது கண்டறிந்தது. அப்போது யூதர்களுக்கு எதிரான சட்டம் எதுவும் நடைமுறையில் இல்லை. நகராட்சி ஊழியர் படிவத்தை நீட்டினார்; சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்து பழகிய மக்கள் பெயர், வயது, முகவரி, சமயம் என்று கேட்டதையெல்லாம் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாள்கள் மாவட்ட ஆட்சி அலுவலகங்களிலும் காவல் தலைமையகங்களிலும் கோப்புகளாகின. அவற்றைப் பற்றிப் பின்னர் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கும்.

செப்டம்பர் 5ஆம் தேதி முதல் ஆணை வந்தது. பீசா நகருக்கு அருகே சான் ரொசோரே மாளிகையில் மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் அதில் கையொப்பமிட்டார். அரசுப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் யூத ஆசிரியர்கள் பணியாற்றக் கூடாது, யூத மாணவர்கள் சேரக் கூடாது. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கச் சில வாரங்களே இருந்த நிலையில், புதுப் பையும் நோட்டும் வாங்கிவைத்திருந்த வீடுகளில் பெற்றோர்கள் பிள்ளைகளுக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அவர்கள் என்ன சொல்லியிருக்க முடியும்? மிலான் நகரத்தின் லிலியானா சேக்ரேவுக்கு அப்போது எட்டு வயது. சமயப் பற்று அதிகமில்லாத வீட்டில் வளர்ந்த அந்தச் சிறுமிக்கு, தான் யூதர் என்பதே பள்ளியிலிருந்து நீக்கப்பட்டபோதுதான் அழுத்தமாகத் தெரியவந்தது. 2018இல் அவர் இத்தாலிய மேலவையின் வாழ்நாள் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். பள்ளிகளில் மாணவர்களிடம் பேசிவந்த ஆண்டுகளில் முகாமுக்கு முன்பாகத் தன் வகுப்பறை இழப்பிலிருந்தே அவர் தொடங்குவது வழக்கமாக இருந்தது. அந்த வரிசை நம் பாடங்களுக்கும் பொருந்தும்.

சட்டத்தின் நுணுக்கம் கொடுமையானது. பத்து யூதப் பிள்ளைகளாவது உள்ள ஊர்களில் தொடக்கப்பள்ளியில் தனிப் பிரிவு திறக்கலாம் என்று பின்னர் அனுமதித்தார்கள். பல இடங்களில் மற்றப் பிள்ளைகள் வீடு திரும்பிய பின், பிற்பகலில், அதே கட்டடத்தில் அவை நடந்தன. யூதர்கள் எழுதிய பாடநூல்கள் திரும்பப் பெறப்பட்டன. கணக்குப் புத்தகமும் அகராதியும்கூட ஆசிரியரின் இனத்தால் தீட்டுப்பட்டவையாகிவிட்டன. மிலான், ரோம், தூரின் முதலிய நகரங்களில் யூதச் சமூகத்தினர் அவசர அவசரமாகத் தம் சொந்தப் பள்ளிகளை நிறுவினார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து விரட்டப்பட்ட பேராசிரியர்கள் அங்கே உயர்நிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுத்ததால், அப்பள்ளிகளின் தரம் வியப்பூட்டும் அளவுக்கு உயர்ந்திருந்தது என்று அங்கே படித்தவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

நீங்கள் ஆசிரியர்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1931இல் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அனைவரும் பாசிச ஆட்சிக்கு விசுவாச உறுதிமொழி எடுக்கவேண்டும் என்று ஆணை வந்தபோது, ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்டவர்களில் மறுத்தவர்கள் ஏறத்தாழ பன்னிரண்டு பேர்தான். கணித மேதை வீட்டோ வோல்ட்டெர்ரா அவர்களில் ஒருவர். ஏழாண்டுகள் கழித்துத் தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட முழுநிலைப் பேராசிரியர்கள் யூதர்கள் என்பதற்காக வெளியேற்றப்பட்டார்கள். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலுக்குத் தேவைப்பட்ட கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான துல்லியோ லெவி-சிவிட்டாவும் அந்தப் பட்டியலில் இருந்தார். தூரினில் ரீட்டா லெவி-மொண்டால்சினி என்ற இளம் மருத்துவர் ஆய்வுப் பணியை இழந்து, தன் படுக்கையறையிலேயே சிறு ஆய்வுக்கூடம் அமைத்துக் கோழி முட்டைக் கருக்களை ஆராய்ந்தார். 1986இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. என்ரிகோ பெர்மியின் மனைவி யூதர். 1938 டிசம்பரில் நோபல் பரிசு வாங்க ஸ்டாக்ஹோம் சென்ற பெர்மி, அங்கிருந்து குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் போய்விட்டார். இவர்களெல்லாம் பெயர் பெற்றவர்கள் என்பதால் நமக்குத் தெரிகிறார்கள். ஆனால் காலியான இடங்கள் காலியாகவே கிடக்கவில்லை என்பது அதைவிட முக்கியம். ஒவ்வொரு நாற்காலிக்கும் விண்ணப்பங்கள் வந்தன, ஆட்கள் அமர்ந்தார்கள். பிளாரன்ஸ் பல்கலைக்கழகத்தில் யூதப் பேராசிரியர் ஒருவர் நீக்கப்பட்ட இடத்தை எழுத்தாளர் மாசிமோ பொந்தெம்பெல்லி ஏற்க மறுத்தார். அந்த ஒரு மறுப்பு இன்றுவரை தனித்துச் சொல்லப்படுகிறது என்றால், மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

நவம்பர் 17ஆம் தேதி ஆணை குடும்பத்தின் மற்ற எல்லாவற்றையும் தொட்டது. யூதரும் யூதரல்லாத இத்தாலியரும் மணம் செய்யத் தடை. அரசு அலுவலகம், படை, வங்கி, காப்பீட்டு நிறுவனம் எதிலும் வேலை இல்லை. குறிப்பிட்ட மதிப்புக்கு மேல் நிலமோ வீடோ வைத்திருக்கக் கூடாது. நூறு பேரோ அதற்குமேலோ வேலை செய்யும் நிறுவனத்தை நடத்தக் கூடாது. யூதரல்லாத வேலைக்காரரை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. பிறப்புப் பதிவேட்டிலும் குடும்பப் பதிவேட்டிலும் இனம் குறிக்கப்பட்டது. அதே மாத இறுதியில் மோதெனா நகரப் பதிப்பாளர் ஆஞ்செலோ பொர்துனாட்டோ பொர்மிஜ்ஜீனி, அந்நகரின் கிர்லாந்தினா கோபுரத்திலிருந்து குதித்து உயிரை விட்டார். அச்சட்டங்களுக்கு எதிரான கண்டனமாகவே அதைச் செய்தார்.

இந்த ஆணையில் இருந்த ஒரு பிரிவே, என் பார்வையில், பாசிசம் குடும்பங்களைக் கையாண்ட விதத்தை மிகத் தெளிவாகக் காட்டுகிறது. அதுதான் விலக்கு. போரில் இறந்தவரின் குடும்பம், பதக்கம் பெற்றவரின் குடும்பம், கட்சியின் தொடக்க ஆண்டுகளில் உறுப்பினரானவரின் குடும்பம், சிறப்புத் தகுதி உடையவர் குடும்பம் ஆகியவை விண்ணப்பித்தால் சொத்து, தொழில் தொடர்பான சில தடைகளிலிருந்து தளர்வு பெறலாம். விளைவு என்னவென்று எண்ணிப் பாருங்கள். ஒன்றாகச் சேர்ந்து எதிர்க்க வேண்டியவர்கள் ஆளுக்கொரு கோப்புடன் தனித்தனியே வரிசையில் நின்றார்கள். இறந்துபோன அண்ணனின் போர்ச் சான்றிதழைத் தேடி வீட்டுப் பெட்டிகள் கவிழ்க்கப்பட்டன. நாங்கள் மற்றவர்களைப் போன்றவர்கள் அல்லர் என்று எழுதிய ஒவ்வொரு விண்ணப்பமும், அந்த மற்றவர்களுக்கு நடப்பது நியாயம்தான் என்பதற்கு ஒரு கையொப்பமாக ஆயிற்று. இத்தனைக்கும் விலக்குப் பெற்றவர்களின் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக்குத் திரும்ப முடியவில்லை. கலப்பு மணத் தடையும் அவர்களுக்கு நீங்கவில்லை.

இதற்கும் ஒரு படி கீழே போனது 1939இல் அமைந்த இன ஆணையம். ஒருவர் பதிவேட்டில் யூதர் என்றிருந்தாலும் உண்மையில் யூதர் அல்லர் என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் அதற்கு இருந்தது. பிள்ளையின் பிறந்த தந்தை வேறொருவர், அவர் யூதரல்லாதவர் என்று நிறுவுவது அதற்கான வழிகளில் ஒன்று. தாய்மார்கள் அதிகாரிகள் முன் நின்று, தம் கணவருக்குத் துரோகம் செய்ததாகத் தாமே வாக்குமூலம் கொடுத்தார்கள். பிள்ளைக்குப் படிப்பும் வேலையும் கிடைக்க வேறு வாசல் இருக்கவில்லை. கையூட்டும் தாராளமாகப் புழங்கியது. குடும்பத்தின் தூய்மையைக் காப்பதாக முழங்கிய ஆட்சியின் அலுவலகத்தில் இது நடந்தது.

விலக்கை நம்பியவர்களில் தூரின் நகர வங்கியாளர் எத்தோரே ஓவாட்சா மிக அறியப்பட்டவர். 1922 அணிவகுப்பில் நடந்தவர். பாசிச யூதர்களுக்காக 1934இல் இதழ் தொடங்கியவர். தம் தேசப்பற்றை மெய்ப்பிக்க, வேறு போக்குடைய யூத இதழ் ஒன்றின் அலுவலகத்தைத் தாக்கும் அளவுக்குப் போனவர். 1943 அக்டோபரில் மஜ்ஜோரே ஏரிக்கரையில் ஹிட்லரின் எஸ்.எஸ். படையினர் அவரையும் மனைவியையும் மகளையும் மகனையும் கொன்று, உடல்களைப் பள்ளிக்கூடம் ஒன்றின் கொதிகலன் அடுப்பில் எரித்தார்கள்.

பணமுள்ளவர்களும் படித்தவர்களும் வெளிநாடு போக முயலலாம். சில ஆயிரம் பேர் போனார்கள். ரோமின் பழைய கெட்டோப் பகுதியில் வாழ்ந்த ஏழைகளுக்கு அதுவும் இல்லை. தள்ளுவண்டியிலும் தோளிலும் துணி சுமந்து விற்றவர்களின் தெருவியாபார உரிமம் 1940இல் பறிக்கப்பட்டது. அதன்பின் சுற்றறிக்கைகள் மழையாகப் பொழிந்தன: வானொலிப் பெட்டி வைத்திருக்கக் கூடாது, தொலைபேசிக் கையேட்டில் பெயர் வரக் கூடாது, செய்தித்தாளில் இறப்பு அறிவிப்பு கொடுக்கக் கூடாது, பெயர்பெற்ற கடற்கரை ஊர்களில் விடுமுறைக்குத் தங்கக் கூடாது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் அற்பம். ஆனால் ஒரு குடும்பம் தன் தாத்தா இறந்ததை ஊருக்கு அறிவிக்கவும் தடை என்றால், அந்தக் குடும்பம் ஊரின் கண்ணிலிருந்து ஏற்கெனவே அகற்றப்பட்டுவிட்டது என்று பொருள். அண்டைவீட்டாரில் பலர் தனிப்பட்ட முறையில் வருந்தினார்கள். கதவைத் தட்டி ஆறுதலும் சொன்னார்கள். பொதுவெளியில் எழுந்த குரல்கள் மிகக் குறைவு.

1943 ஜூலை 25 அன்று முசோலினி வீழ்ந்தார். அடுத்து வந்த படோலியோவின் அரசு ஆறு வாரங்கள் நீடித்தும் இனச் சட்டங்களை நீக்கவில்லை, கோப்புகளை அழிக்கவும் இல்லை. செப்டம்பரில் ஜெர்மானியப் படை நாட்டைப் பிடித்தபோது, யார் எங்கே வசிக்கிறார்கள் என்பது ஐந்தாண்டு உழைப்பில் தயாராக இருந்தது. 1938இல் நகராட்சி ஊழியரிடம் கொடுத்த பதில்களின் உண்மையான பயன் அப்போதுதான் வெளிப்பட்டது. செப்டம்பர் இறுதியில் ரோம் யூதர்களிடம் ஐம்பது கிலோ தங்கம் கேட்டார்கள். மோதிரமும் சங்கிலியுமாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். அக்டோபர் 16, சனிக்கிழமை விடியலில் வீடு வீடாகப் புகுந்து 1,259 பேரைப் பிடித்தார்கள்.

ஒவ்வொரு குடும்பத்திடமும் அன்று ஒரு சீட்டு கொடுக்கப்பட்டது. குறைந்தது எட்டு நாளுக்கான உணவு, பங்கீட்டு அட்டை, அடையாள அட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். நோயாளிகள், நிலைமை மோசமானவர்கள்கூட, தங்கக் கூடாது, முகாமில் மருத்துவ வசதி உண்டு. இருபது நிமிடத்தில் கிளம்பத் தயாராக இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இரண்டு நாள் கழித்துத் திபுர்த்தினா ரயில் நிலையத்திலிருந்து ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். திரும்பி வந்தவர்கள் பதினாறு பேர்: பதினைந்து ஆண்கள், ஒரு பெண். குழந்தை ஒன்றுகூடத் திரும்பவில்லை.

இதுவரை ஜெர்மானியர் செய்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் நவம்பரில், ஜெர்மனியின் துணையோடு வடக்கே மீண்டும் ஆட்சி அமைத்த முசோலினியின் கட்சி வெரோனாவில் கூடி, யூதர்கள் அந்நியர்கள், இந்தப் போரில் எதிரி நாட்டினர் என்று அறிவித்தது; நவம்பர் 30 அன்று அவரது அரசு எல்லா யூதர்களையும் கைதுசெய்து சொத்தைப் பறிமுதல் செய்யும்படி இத்தாலியக் காவல்துறைக்கே உத்தரவிட்டது. பதின்மூன்று வயது லிலியானாவும் தந்தையும் மலை வழியாக சுவிட்சர்லாந்துக்குள் நுழைந்தும் திருப்பி அனுப்பப்பட்டு, இத்தாலிய எல்லையில் பிடிபட்டார்கள். 1944 ஜனவரி 30 அன்று மிலான் மத்திய ரயில் நிலையத்தின் கீழ்த்தளத்திலிருந்து கிளம்பிய ரயிலில் இருவரும் இருந்தார்கள். தந்தை திரும்பவில்லை.

இத்தாலிய யூதர்களில் பெரும்பான்மையோர் உயிர் தப்பினார்கள்; மடங்களிலும் மலைக் கிராமங்களிலும் நண்பர் வீடுகளிலும் ஒளிந்து வாழ்ந்தார்கள். ஒளித்து வைத்தவர்களின் துணிவு போற்றத்தக்கது, அதையும் கற்பியுங்கள். அதே வேளையில் அந்தத் துணிவு 1938இன் கணக்கை நேர்செய்துவிடாது. இன ஆணையத்தின் தலைவராக இருந்த கயெத்தானோ அட்சாரிட்டி 1957இல் ஜனநாயக இத்தாலியின் அரசியலமைப்பு நீதிமன்றத் தலைவரானார். பறிமுதல் செய்த சொத்துகளை நிர்வகித்த அரசு நிறுவனம், போருக்குப் பின் அவற்றைத் திரும்பக் கேட்டு வந்தவர்களிடம் நிர்வாகச் செலவைக் கேட்டது. பேராசிரியர்கள் பலர் திரும்பியபோது, தம் நாற்காலியில் அமர்ந்தவர் அங்கேயே தொடர்வதைக் கண்டார்கள்.

ஆகவே நான் கேட்பது அதிகமில்லை. ஒரே ஒரு பாடவேளை போதும். 1938 செப்டம்பர் 5, நவம்பர் 17 ஆகிய இரண்டு ஆணைகளின் சுருக்கத்தைக் கரும்பலகையில் எழுதி, தாத்தா, பெற்றோர், இரண்டு பிள்ளைகள் கொண்ட ஒரு வீட்டில் யார் எதை இழந்திருப்பார்கள் என்று மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள். அந்த வீட்டில் விலக்குக்கு விண்ணப்பிப்பதா வேண்டாமா என்று வாதிடச் சொல்லுங்கள். காலியான வகுப்பாசிரியர் பணிக்கு விண்ணப்பித்தவரின் பக்கத்தையும் ஒருவர் பேசட்டும். அதன்பின் அக்டோபர் 16 சீட்டை வாசித்துக் காட்டுங்கள். மாணவர்களிடம் சில கேள்விகள் எழும். அவற்றில் சிலவற்றுக்கு வழிகாட்டி நூல்களில் விடை இருக்காது, அவற்றை விடையில்லாமலே வகுப்பில் விட்டுவரலாம். அடுத்த பாடவேளையில் வதைமுகாம்களைப் பற்றித் தொடங்கலாம்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பில் படிக்கும் மாணவி ஒருவரின் தந்தை